டவுனுக்கு வந்த தோல்பை

ஒரு தடவை, ஹவுசிங் போர்டு காலனித் தோல்பை ஒண்ணு டவுனுக்குக் கிளம்புச்சு. தானா எங்க கிளம்பும், மங்களேஸ்வரி அம்மா தோள்ல மாட்டிக்கிட்டு பஸ் ஏறுனாங்க. மகளுக்கு வளைகாப்பு, வளையல் வாங்கணும்.

பைக்கு டவுன்னாலே உதறல். "அசந்தா அத்துட்டுப் போயிருவானுங்க"ன்னு வீட்டுக் குடை சொல்லியிருந்துச்சு. குடை டவுனுக்கு வந்ததே இல்ல.

கடைவீதிக் கூட்டத்தப் பார்த்ததும் பை ஜிப்ப இறுக்கிக்கிச்சு. ஒவ்வொருத்தர் உரசும்போதும் இன்னும் கொஞ்சம் இறுக்குச்சு.

"மூச்சாவது விடுறியா தாயி?" வளையல் கடை வாசல்ல கிடந்த மரஸ்டூல் கேட்டுச்சு.

"உங்கிட்ட எனக்கென்ன பேச்சு?"

"அதுவும் சரிதான். நானே ஒரு கால் ஆடுற ஆளு. உன்னைத் தூக்கிட்டு எங்க ஓடப்போறேன்?"

அப்பத்தான் மங்களேஸ்வரிக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. "சுகர்... மிட்டாய்..."னு பைய இழுத்தாங்க. மிட்டாய் உள்ளதான் இருந்துச்சு. ஜிப்பு உள்துணியக் கடிச்சுக்கிட்டு அசையவே இல்ல. பை தவிச்சுப்போச்சு. அதுவே நினைச்சாலும் இப்பத் திறக்க முடியல.

பை கீழ விழுந்துச்சு. நாலு பேர் ஓடி வந்தாங்க. "முடிஞ்சுச்சு நம்ம கதை"ன்னு பை கண்ண மூடிக்கிச்சு.

"அக்கா, என் மேல சாஞ்சுக்கங்க," வளையல் கடை ஜமீலா அவங்கள ஸ்டூல்ல உக்கார வச்சா. "சர்பத் அண்ணே, சீக்கிரம்! சீனி தூக்கலா!"

சர்பத் வந்துச்சு. மூட்டை தூக்குறவர் துண்டால விசிறுனாரு. கீழ கிடந்த பைய ஒருத்தரும் சீண்டல. அதுல பைக்குக் கொஞ்சம் அவமானம்கூட.

மங்களேஸ்வரி முகம் தெளிஞ்ச பிறகுதான் அந்த மூட்டை தூக்குறவரு பையத் தட்டி அவங்க மடியில வச்சாரு. "உங்க பைம்மா."

"என்னால போயிருக்கும் அவங்க உசுரு," பை மெல்லச் சொல்லுச்சு.

"விடு. எனக்கும் பயம் உண்டு," ஸ்டூல் சொல்லுச்சு.

"இங்கயே கிடக்குற உனக்கா?"

"ஷட்டர் இறங்குனா நீங்கள்லாம் ஊருக்குப் போயிருவீங்க. வீதி வெறிச்சுனு ஆயிரும். மாடியில ஜமீலா ஒத்தையில கிடப்பா. நாய் குரைச்சாலும் எந்திரிச்சு உக்காந்துக்குவா. நாலு பேர் நடமாடுனாத்தான் இங்க யாருக்கும் தைரியம்."

"அந்த நாலு பேரு?"

"இப்ப என் மேல உக்காந்திருக்காங்களே, இவங்க மாதிரி ஆளுங்கதான்."

வளையலக் கட்டிக் கொடுத்துட்டு, "பொழுது சாயுது, கிளம்புங்கக்கா. வீட்ல தேடுவாங்க"ன்னா ஜமீலா.

"போறேன், போறேன். உனக்கு எத்தனை பிள்ளைங்க, அதச் சொல்லு முதல்ல."

ஸ்டூல விட்டு எந்திரிக்காம பேசிக்கிட்டே இருந்ததுல, அன்னிக்குக் காலனி பஸ் ரெண்டு அவங்கள விட்டுட்டே போச்சு.