இத்தி மரத்திலிருந்து பொந்து வரை

பொன்னலகி தன் வீட்டு வாசலை உள்ளேயிருந்தே பூசி அடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஓர் இருவாச்சிப் பறவை. மலைக்காட்டில் நெடுநெடுவென்று உயர்ந்த ஒரு மரத்தின் நடுவில் அவளுடைய பொந்து இருந்தது. முட்டையிடும் காலம் வந்தால் இருவாச்சிப் பெண்கள் பொந்துக்குள் புகுந்து வாசலை மண்ணால் மூடிவிடுவார்கள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் திறந்திருக்கும். உள்ளே இருக்கும் காலத்தில் சிறகின் இறகுகளெல்லாம் உதிர்ந்துவிடும். புது இறகு முளைத்து, குஞ்சும் சற்றுத் தேறும்வரை தாயால் பறக்க முடியாது. ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டினால்தான் சாப்பாடு.

வெளியே அவளுடைய கணவன் பெருஞ்சிறகன் ஈரமண்ணை உருட்டி உருட்டிக் கொடுத்தான்.

"என்னங்க, தினமும் எங்கேயிருந்து பழம் கொண்டு வருவீங்க?" என்று கேட்டாள் அவள்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கே பெரிய இத்தி மரம், அங்கேயிருந்துதான். நாலு சிறகடி அடிச்சாப் போயிடலாம்!"

"அது ஒண்ணு மட்டுமா? ஏதாவது ஆச்சுன்னா?"

"என்ன ஆகும்? ஒரே மரம், ஒரே வழி, ஒரே சிறகு! எவ்வளவு சுலபம் பாரு!"

அதே மரத்தின் உச்சியில் குடியிருந்த மலையணில் செம்பி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, நான் மேல்வீட்டுக்காரி. ஒரு அவசரம்னா குரல் கொடுங்க."

"நீ உன் கொட்டையைக் கடிச்சுக்கிட்டு சும்மா இரு!" என்றான் பெருஞ்சிறகன்.

செம்பி வாலை ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

பெருஞ்சிறகன் சொன்ன சொல் தவறவில்லை. பொழுது புலர்ந்ததும் அவனுடைய சிறகோசை காட்டைக் கடந்து வரும். பெருங்காற்று மலையேறி வருவது போல இருக்கும். பிறகு கீற்றின் வழியே பழம் வரும். இருட்டுக்குள் உட்கார்ந்திருந்த பொன்னலகிக்கு அந்த ஓசைதான் சூரியன். இத்தி மரத்துக்கு வந்த குரங்குகளை அவன் அலகால் குத்தி விரட்டினான் என்பதும் அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்று சொன்னாள். அவன் கேட்கவில்லை.

அவள் இரண்டு முட்டையிட்டாள். ஒன்று கடைசிவரை குளிர்ந்தே கிடந்தது. அதை ஓரமாக ஒதுக்கிவைத்தாள். மற்றொன்றிலிருந்து இறகே இல்லாத, கண் திறக்காத, வாய் மட்டும் பெரிதான ஒரு குஞ்சு வந்தது.

அப்போதுதான் கோடைமழை வந்தது. இடியும் காற்றுமாக அடித்து ஓய்ந்தது. மறுநாள் விடிந்தது. சிறகோசை இல்லை. உச்சி வெயில் வந்தது. சிறகோசை இல்லை. குஞ்சு கத்தத் தொடங்கியது.

வாசலை உடைத்துக்கொண்டு போய்விடலாமா என்று பொன்னலகி நினைத்தாள். போய் என்ன செய்வது? இறகு உதிர்ந்த சிறகை விரித்தால் நேரே தரையில்தான் விழ வேண்டும். திறந்த பொந்தில் குஞ்சைக் கழுகு தூக்கிப் போகும். உள்ளே இருந்தால் பசி. இரண்டுக்கும் நடுவே அந்தக் குஞ்சின் உயிர் இருந்தது.

திடீரென்று வெளியே பெருஞ்சிறகனின் குரல் கேட்டது. அவள் துள்ளியெழுந்து கீற்றில் அலகை வைத்தாள்.

"மன்னிச்சுக்கோங்க அக்கா, நான்தான்!" என்றான் கரிச்சான். நீண்ட வாலுள்ள கரும்பறவை அவன். யார் குரலைக் கேட்டாலும் அப்படியே பேசிக்காட்டுவான். "அவர் பேசினதை அவர் குரல்லயே சொல்ல வந்தேன். பழக்கதோஷம்!"

"எங்கேடா அவர்? இருக்காரா?"

"இருக்கார். இத்தி மரத்துக் கிளை முறிஞ்சு சிறகுல விழுந்திருச்சு. பறக்க முடியல. ஆத்துக்கு அந்தப் பக்கம் மூங்கில் புதர்ல ஒளிஞ்சிருக்கார். 'அவகிட்ட சொல்லாதே'ன்னு மட்டும் சொன்னார்."

பொன்னலகிக்கு அழுகை வந்தது. உயிரோடு இருக்கிறானே என்ற நிம்மதியில் பாதி, பசியில் பாதி.

"செம்பியைக் கூப்பிடு. அவர் குத்தி விரட்டின குரங்கு வகிடனையும் கூப்பிடு," என்றாள். "இத்தனை நாள் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கல. இன்னிக்குக் கேட்க வாய் கூசுது."

மேலேயிருந்து செம்பியின் குரல் வந்தது. "கூசினாக் கூசட்டும்! உங்க பிள்ளை கத்துறது எங்க வீடு வரைக்கும் கேட்குது. நானும் தூங்க வேண்டாமா?"

மறுநாள் காலையில் மூவரும் வந்தார்கள். கெடுதியும் அப்போதே தொடங்கியது. செம்பி பெரிய கொட்டை ஒன்றைக் கொண்டுவந்தாள். அது கீற்றில் நுழையவில்லை. கரிச்சான் மயிர்முளைத்த கம்பளிப்பூச்சியைக் கொண்டுவந்தான். குஞ்சு அதைத் துப்பியது. வகிடன் பக்கத்து மரத்தில் வந்து உட்கார்ந்து, வகிடெடுத்த தலையைச் சொறிந்தான்.

"உன் பழம் எங்கே?" என்றாள் செம்பி.

"கன்னப் பையில வெச்சுத்தான் கொண்டு வந்தேன். வழியில பசிச்சுது. தானா உள்ளே போயிடுச்சு!"

"தானாப் போச்சாம்! திருட்டுக் கன்னம்!"

"நீ மட்டும் என்ன? வாசலை விடப் பெரிய கொட்டையைக் கொண்டு வந்தியே, தச்சன் மாதிரி அளந்து பார்த்திருக்கக் கூடாது?"

"சண்டை போடாதீங்க, சண்டை போடாதீங்க!" என்று கரிச்சான் இருவர் குரலிலும் மாறிமாறிக் கத்தினான். சத்தம் அதிகமானது. மாலையில் ஒருவரும் வரவில்லை. குஞ்சு கத்துவதையும் நிறுத்திவிட்டது.

இருட்டில் உட்கார்ந்து யோசித்தாள். மூன்று பேருக்கும் நல்ல மனசு இருக்கிறது. ஆனால் பழம் வரவில்லை. ஏன்? எனக்கு என்ன வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

விடிந்ததும் மூவரையும் கூப்பிட்டாள்.

"வகிடா, நீ ஆத்துப் பாறை மேல தாவி அந்தப் பக்கம் போக முடியும். ஆனா இந்த வழுக்கு மரத்துல ஏற முடியாது. செம்பி, நீ ஏறுவே. ஆனா தரையில இறங்கி ஆத்தைத் தாண்ட மாட்டே. அப்படித்தானே?"

"அப்படித்தான்," என்றார்கள் இருவரும்.

"அப்போ பக்கத்து மரத்துக் கவட்டையில வகிடன் பழத்தை வைக்கட்டும். அங்கேயிருந்து செம்பி எடுத்துக்கிட்டு வந்து எனக்குக் கொடுக்கட்டும். சின்னப் பழம், பழுத்த பழம். அவ்வளவுதான் கேட்கிறேன்."

"கன்னத்துல இருக்கிறது வழியில காணாமப் போகுமே அக்கா?" என்றாள் செம்பி.

"போகாது. வகிடா, இத்தி மரத்துல முதல்ல நீ வயிறு நிறையத் தின்னு. அப்புறம் கன்னத்தை நிரப்பு. வயிறு நிறைஞ்சவனுக்குக் கன்னத்துல இருக்கிறது சுமைதான்!"

வகிடன் வாயைப் பிளந்தான். "இப்படி யாரும் என்கிட்ட சொன்னதே இல்லையே! ஆனா எங்க தலைவர் கேட்பாரே, இதனால நம்ம கூட்டத்துக்கு என்ன லாபம்னு?"

"இத்தி தீர்ந்ததும் எந்த மரம் பழுக்கும்னு உங்க தலைவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. தேடித் திரிவோம்."

"எனக்குத் தெரியும். அருவிக்குப் பின்னால ஒரு கல்லால மரம் இருக்கு. இத்தி தீர்றப்போ அது சிவக்கும். வேற கூட்டம் வர்றதுக்குள்ள நீங்க போய்ச் சேரலாம். அதுக்கப்புறம் எதுன்னும் சொல்றேன். போதுமா?"

"போதும் போதும்!"

"இரு! இன்னொண்ணு. செம்பி கொட்டை பறிக்கிற மரங்கள்ல உங்க கூட்டம் காலே வைக்கக் கூடாது. அவ சேர்த்து வெச்சதைத் தொடக் கூடாது."

செம்பி வாலைத் தூக்கி முதுகின்மேல் போட்டுக்கொண்டாள். "இதுக்காகவே நான் பழம் சுமப்பேன்!"

"எனக்கு?" என்றான் கரிச்சான்.

"குரங்குக் கூட்டம் நடந்தா இலையிலேருந்து பூச்சி பறக்கும். அவங்க பின்னாலயே போ. உனக்குத் தினமும் விருந்து. அவங்க கிளம்புறப்போ ஒரு குரல், பழம் கவட்டைக்கு வந்ததும் ஒரு குரல். செம்பி வீணாக் காத்திருக்க வேண்டாம்."

அன்று மாலை கீற்றின் வழியே ஒரு சிறு கை நீண்டது. கையில் ஓர் இத்திப்பழம். பொன்னலகி அதை வாங்கிக் குஞ்சின் வாயில் வைத்தாள். குஞ்சு அசையவில்லை. பழத்தைப் பிதுக்கிச் சாற்றை விட்டாள். தொண்டை மெல்ல ஏறி இறங்கியது. பிறகு ஒரு சின்னக் கத்தல்.

"அடியே செம்பி," என்றாள் பொன்னலகி.

"சரி சரி, அடுத்த பழத்தைப் பிடிங்க. கை வலிக்குது!" என்றாள் செம்பி.

நாட்கள் ஓடின. பழம் தவறாமல் வந்தது. வகிடன் போகும் வழியில் மூங்கில் புதரில் பெருஞ்சிறகனுக்கும் பழம் போட்டான்.

"வாங்கிக்கிட்டாரா?" என்று கேட்டாள் பொன்னலகி.

"முகத்தைத் திருப்பிக்கிட்டார். நான் அந்தப் பக்கம் திரும்பினேன். பழத்தைக் காணோம்!"

பொன்னலகி இருட்டுக்குள் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

ஆனாலும் அவள் அசட்டையாக இருக்கவில்லை. "செம்பி, ஆத்துக்கு இந்தப் பக்கம் என்ன மரம் இருக்கு?"

"மேட்டுல ஒரு நாவல் இருக்கு. சில்லறைப் பழம். இத்தி கொட்டிக் கிடக்கிறப்போ அது எதுக்கு?"

"தினமும் அதிலேருந்தும் கொஞ்சம் கொண்டா."

"எனக்கு ரெட்டை வேலையா?"

"உன் கால் அந்த வழியை மறந்திடக் கூடாது செம்பி. அவ்வளவுதான்."

செம்பி முணுமுணுத்துக்கொண்டே போனாள். ஆனால் போனாள். எந்தக் கிளை தாங்கும், எந்தக் கிளை முறியும், எந்த இடத்தில் கழுகு வட்டமிடும் என்பதெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது.

பெருமழை பிடித்தது. ஆறு பாறைகளை மூடிக்கொண்டு பாய்ந்தது. வகிடனும் கூட்டமும் அந்தக் கரையில் மாட்டிக்கொண்டார்கள். கவட்டைக்குப் பழம் வரவில்லை. கரிச்சான் நனைந்த வாலோடு பறந்து வந்து, "வழி அடைச்சாச்சு! வழி அடைச்சாச்சு!" என்று கத்தினான்.

செம்பி ஒரு கணமும் நிற்கவில்லை. பழகிய கிளைகளின் வழியே மழையில் நாவல் மரத்துக்கு ஓடினாள். பழம் குறைவுதான். குஞ்சுக்கு அரைவயிறு, தாய்க்குக் கால்வயிறு. ஆனால் ஒரு நாளும் வெறும் வயிறு இல்லை. அந்தக் கரையில் வகிடனின் கூட்டம் பெருஞ்சிறகனைப் பார்த்துக்கொண்டது. மழையில் அவன் நடுங்கியபோது இரண்டு பக்கமும் குரங்குகள் ஒட்டி உட்கார்ந்துகொண்டன. இந்த முறை அவன் விரட்டவில்லை.

வெள்ளம் வடிந்தது. பொன்னலகிக்குப் புது இறகுகள் முளைத்திருந்தன. குஞ்சுக்கும் முளைத்திருந்தன. ஒரு காலையில் அவள் மண்சுவரைக் கொத்தி உடைத்தாள். வெளிச்சம் கொட்டியது. அவள் கண் கூச வெளியே வந்து பக்கத்து மரத்தில் உட்கார்ந்தாள். தன்னைக் காப்பாற்றிய முகங்களை அன்றுதான் முழுதாகப் பார்த்தாள். செம்பி இவ்வளவு சிறியவளா? இந்தக் கை இவ்வளவு மெலிந்ததா? அவள் அலகைத் தாழ்த்தி ஒவ்வொருவர் முன்னாலும் தலைகுனிந்தாள்.

அப்போது தூரத்தில் சிறகோசை கேட்டது. பழைய ஓசை இல்லை. நடுவில் ஒரு தடுமாற்றம் இருந்தது. பெருஞ்சிறகன் கிளைக்குக் கிளை தங்கித் தங்கி வந்து சேர்ந்தான். அலகில் ஒரே ஒரு பழம்.

குஞ்சு பொந்தின் வாசலில் தலையை நீட்டியது. அப்பனைப் பார்த்தது. யாரோ என்று நினைத்தது. பக்கத்தில் இருந்த செம்பியைப் பார்த்து வாயைத் திறந்தது. கரிச்சானைப் பார்த்து வாயைத் திறந்தது. பக்கத்து மரத்தில் தினமும் பழத்தோடு வந்து நிற்பதைக் கீற்று வழியே பார்த்துப் பழகிய வகிடனைக் கண்டதும், மகிழ்ச்சியில் சிறகை அடித்துக்கொண்டு பெரிதாக வாயைப் பிளந்தது.

வகிடன் பயந்து இலைக்குள் மறைந்துகொள்ளப் பார்த்தான்.

பெருஞ்சிறகன் குஞ்சைப் பார்த்தான். பிறகு தடுமாறிப் பறந்து வகிடன் இருந்த கிளையில் போய் உட்கார்ந்தான். தன் குஞ்சுக்கென்று கொண்டுவந்த பழத்தை அவன் கையில் வைத்தான்.

"உன்னை அலகால குத்தினவன் நான்," என்றான்.

"இன்னும் தழும்பு இருக்கு அண்ணே!" என்றான் வகிடன்.

"தெரியும். பிள்ளை உன்னைத்தான் அப்பன்னு நினைக்கிறான். நீயே ஊட்டு. எனக்கும் எப்படின்னு சொல்லிக் கொடு. இனிமே இந்த வரிசையில நானும் ஒருத்தன்."

வகிடன் பழத்தைப் பார்த்தான். நாக்கில் நீர் ஊறியது. ஆனாலும் அதைக் கன்னத்தில் போடாமல் செம்பியிடம் கொடுத்தான். செம்பி தாவி வந்து வாங்கி, அடிமரத்தில் ஏறிக் குஞ்சிடம் நீட்டினாள். குஞ்சு அதை விழுங்கிவிட்டு, நான்கு பேரையும் பார்த்து இன்னும் வேண்டும் என்று கத்தியது.

ஒரே கையை நம்பியிருப்பவர் அந்தக் கை தளரும்போது தாமும் தளர்வார். பலருடைய கைகளை, அவரவர் நன்மையும் பொது நன்மையும் ஒன்றாகும்படி முன்னதாகவே கோத்துக்கொண்டு, அவர்களுக்கு நன்றியோடும் இருப்பவருக்கு எந்த வெள்ளத்திலும் உணவு வந்து சேரும்.