நிபந்தனை கூடாதென்ற ராஜா

முன்னொரு காலத்தில், எந்த நாடென்று மட்டும் கேட்காதீர்கள், வீரவேள் என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஆசைப்பட்ட பொருள் கையைவிட்டுப் போவதை அவரால் தாங்க முடியாது.

மலைநாட்டுத் தலைவி கொற்றி கோடையில் அவருக்கு அல்லி என்ற பெண்யானையை அனுப்பியிருந்தாள். மழை தொடங்கியதும் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது பேச்சு. ராஜா தன் கையாலேயே கரும்பு ஊட்டினார். அவர் குரல் கேட்டதும் அல்லி காதை ஆட்டிக்கொண்டு வரும். முதல் மழை விழுந்தது. மலைநாட்டு ஆட்கள் வந்து யானையை அழைத்துப் போனார்கள். ராஜா அன்று இலையில் உட்காரவே இல்லை.

மறுநாள் சபையில் ஆணை பிறந்தது. "நிபந்தனை என்ற ஒன்றுதான் மனிதர்களை வாட்டுகிறது. இனி நம் நாட்டில் நிபந்தனை இல்லாத உடன்படிக்கைதான் செல்லும்."

அன்றே சந்தையில் மாடு வாடகைக்கு விடுபவர்கள் கொட்டிலைப் பூட்டிக்கொண்டார்கள். திரும்பக் கொண்டுவந்து கட்டு என்று சொல்வதும் நிபந்தனைதானே.

அரசவை விகடகவி குழைக்காதர் இந்த ஆணை ஊருக்கு ஆகாதென்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். ராஜா கேட்கவில்லை. சபையில் திருமேனிப் புலவர் என்று ஓர் இலக்கணக்காரர் உண்டு. அவர் பாட்டைக் கேட்டால் ராஜா கொட்டாவி விடுவார், குழைக்காதர் தும்மினாலும் சிரிப்பார். புலவருக்கு அது நெடுநாள் எரிச்சல். சமயம் வாய்த்ததென்று எழுந்தார்.

"அரசே, நிபந்தனை என்ற சொல்லை மட்டும் விலக்கினால் போதாது. ஷரத்து, கட்டுப்பாடு, வரையறை என்று அது பல வேடங்களில் வரும். எந்த வேடத்தில் வந்தாலும் செல்லாது என்று ஆணையிடுங்கள்."

ராஜா அப்படியே ஆணையிட்டார். புலவர் அதோடு விடவில்லை. நிபந்தனையே இல்லாமல் அல்லியை அழைத்துவரக் குழைக்காதரையே அனுப்ப வேண்டும், யானையில்லாமல் திரும்பினால் அவர் நாட்டைவிட்டே போக வேண்டும் என்றார். யானை ஏக்கத்தில் இருந்த ராஜா அதற்கும் தலையாட்டிவிட்டார்.

குழைக்காதர் மனைவியிடம் விவரம் சொன்னார். பிறந்து வளர்ந்த ஊரை விடவேண்டி வருமே என்று அந்த அம்மாள் அழுதாள். அவருக்கும் பயம்தான். வெளியே காட்டிக்கொள்ளாமல் மலையேறினார்.

அங்கே கொற்றி அவரை நேரே அல்லியிடம் அழைத்துப் போனாள். யானை நிறைசூலி. மழைக்காலத்தில் மூங்கில் காட்டில் தன் கூட்டத்தோடு இருந்துதான் அது குட்டி போடும் என்றாள். "உங்கள் ராஜாவுக்கு வருத்தமாக இருக்கும். அதற்காக இதை இப்போது மலையிலிருந்து இறக்கிவிட முடியுமா, நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டாள். அல்லி மெல்ல அசைந்து நிற்பதைப் பார்த்த குழைக்காதருக்கு மறுத்துப் பேச மனம் வரவில்லை. மழை நின்றதும் குட்டியோடு வரும், ஒவ்வொரு மழைக்கும் மலைக்குத் திரும்பும் என்று ஓலை எழுதி வாங்கிக்கொண்டு தனியாகவே இறங்கினார்.

சபையில் புலவர் ஓலையை வாங்கி உரக்கப் படித்தார். "யானையும் இல்லை அரசே. ஓலை முழுக்க நிபந்தனை."

ராஜாவின் முகம் சிவந்தது. என் ஆணை என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"அதை நிறைவேற்றத்தான் புறப்பட்டேன் அரசே" என்றார் குழைக்காதர். "எந்த வேடத்தில் வந்தாலும் நிபந்தனை செல்லாது என்றீர்கள். வழியெல்லாம் தேடிக்கொண்டே போனேன். முதலில் அகப்பட்டது தங்கள் ஆணைதான். நிபந்தனை இருக்கக்கூடாது என்பதும் உடன்படிக்கைக்குப் போட்ட நிபந்தனைதானே. ஆணைப்படி அதை நீக்கிவிட்டேன்."

சபையில் சிலர் மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். புலவர் பதறிப்போய், இதெல்லாம் வெறும் சொல் விளையாட்டு, யானையில்லாமல் திரும்பினால் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்பது என்ன ஆயிற்று என்று கேட்டார்.

குழைக்காதர் அவரைக் கும்பிட்டார். "புலவரே, நான் இலக்கணம் படிக்காதவன். 'திரும்பினால்' என்கிறீர்களே, அந்தக் கடைசி 'ஆல்' என்ன பொருளில் வருகிறது?"

புலவர் பொறாமைக்காரர்தான், ஆனாலும் இலக்கணத்தில் பொய் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. "நிபந்தனைப் பொருளில்" என்றார், பக்கத்தில் இருந்தவருக்கே கேட்காத குரலில்.

ராஜாவுக்குக் கேட்டுவிட்டது. சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு அல்லியின் உடம்பு எப்படி இருக்கிறது, என்ன தின்கிறது என்றெல்லாம் விசாரித்தார். கேட்கக் கேட்க முகம் இளகியது. ஆணையை ரத்து செய்து, குட்டிக்கும் சேர்த்துக் கரும்பு நடச் சொன்னார்.

குழைக்காதருக்குச் சரிகைச் சால்வை போர்த்தி, மழை நின்றதும் அல்லியின் முதுகில் ஏறி ஊர்வலம் வரும் மரியாதையையும் தந்தார். குழைக்காதர் நெளிந்தார். யானையைக் கீழே நின்று பார்ப்பதோடு சரி, உயரம் குறைந்த பரிசாகப் பார்த்துக் கொடுங்கள் என்றார். ராஜா மறுபடி சிரித்து ஆற்றங்கரை நன்செய் ஒன்றைக் கொடுத்தார்.

மழை நின்றது, அல்லி குட்டியோடு வந்து சேர்ந்தது. ஊர்வலத்துக்கு ஆள் வேண்டுமே. புலவரை ஏற்றினார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அம்பாரியைக் கட்டிப்பிடித்தபடி ராஜவீதி முழுக்க வந்தார். தொங்கிய அவர் அங்கவஸ்திரத்தைக் குட்டி வழியெல்லாம் இழுத்துக்கொண்டே வந்ததாம். அன்று அவரைப் பார்த்துச் சிரித்த அளவுக்கு ராஜா குழைக்காதரைப் பார்த்துக்கூட ஒருநாளும் சிரித்ததில்லை.