ஒத்தைச் சுனைக்கு எதுக்கு விளம்பரம்?

கரட்டுக் காட்டுல கோடை வந்துட்டா ஒரே ஒரு சுனையிலதான் தண்ணி நிக்கும். அந்தச் சுனையை ஒரு காட்டுப்பன்னி வளைச்சுப் போட்டிருந்துச்சு. குடிக்க வர்றவங்க ஆளுக்கு ஒரு கிழங்கை வெச்சுட்டுத்தான் குனியணும். ஏன்னு கேட்டா கோரைப்பல்லு பதில் சொல்லும்.

சுனைக்குப் பக்கத்துப் பொட்டல்ல ஒரு ஆள்காட்டிக் குருவி நாலு குஞ்சு பொரிச்சிருந்துச்சு. குச்சிக் காலு, கூரான வாயி. சிறுத்தையோ நரியோ லேசா அசைஞ்சாப் போதும், காடே கேக்கக் கத்திடும். அது கத்துனா, மானுங்க வாயில இருக்கற தண்ணியைக்கூட முழுங்காம ஓடும். எதுக்குன்னு கேக்காது. அவ்வளவு நம்பிக்கை!

ஒருநாள் பன்னி அதைக் கூப்பிட்டுச்சு. "ஏம்மா ஆள்காட்டி, காலையில அந்தப் பாறை மேல நின்னு, என் சுனையைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை கத்தேன்."

குருவிக்குச் சிரிப்பு தாங்கல. "ஏண்ணே, காட்டுல இருக்கறதே ஒரு சுனை! நான் கத்தலைன்னா எல்லாரும் எதிர்த்த கடைக்கா போயிடப் போறாங்க? எதுக்கு இந்த வெட்டி விளம்பரம்?"

"எதுக்கோ! நான் மூக்கால கிளறிப் போடுற ஈர மண்ணு பூரா உன் குஞ்சுங்களுக்கு. புழு நெளியுது, பாரு!"

குருவி குஞ்சுங்களைப் பாத்துச்சு. வெயில்ல மண்ணு பாறையாக் கெடந்துச்சு. கொத்திக் கொத்தி அதுங்க மூக்குதான் தேஞ்சிருந்துச்சு.

மறுநாள் பாட்டு ஆரம்பிச்சுச்சு. "பன்னியார் சுனை! பளிங்குச் சுனை!"

முதல்ல மானுங்க பதறி ஓடுச்சுங்க. நாலு நாள்ல பழகிடுச்சு. அஞ்சாம் நாள் பன்னி ரெண்டு கிழங்கு கேட்டுச்சு. "ஒண்ணு தண்ணிக்கு. இன்னொண்ணு அந்தப் பாட்டுக்கு."

"எனக்குத் தாகம்னு எனக்கே தெரியும்! அதைப் பாட்டாக் கேக்க நானே கிழங்கு தரணுமா?"ன்னு முயலம்மா முனகுச்சு. முனகிக்கிட்டே குடுத்துச்சு. வேற வழி?

ஒரு காலையில குருவி சுனைக்கு மேல பறந்துச்சு. ஊத்துக்கண்ணுக்குக் கீழ, பாறை இடுக்குல, ஒரு கீரி செத்து ஊறிக் கெடந்துச்சு. அதைத் தொட்டுத்தான் தண்ணி கீழ வந்துச்சு.

"அண்ணே! கீரி செத்துக் கெடக்கு! எடுத்துப் போடுங்க!"

"அந்த இடுக்குல எவன் நுழைவான்? நான் அதுக்கு மேலதான் குடிக்கறேன்."

"அப்ப நான் எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்!"

"தாராளமாச் சொல்லு. சொல்லிட்டு, புழுவுக்கு எங்க போவே?"



அந்நேரம் முயலம்மா தன் குட்டியோட வந்துச்சு. "அக்கா, தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குதே?"

பன்னி குருவியைப் பாத்துச்சு. குருவி குஞ்சுங்களைப் பாத்துச்சு.  பாட்டு வந்துடுச்சு. "பன்னியார் சுனை! பளிங்குச் சுனை!"

"கேட்டியாடா? ஏதாச்சும் கெடுதல்னா அக்கா இந்நேரம் கத்தியிருக்காதா? குடி சாமி."

குட்டி வயிறு முட்டக் குடிச்சுச்சு. ரெண்டு நாள் கழிச்சு காலை நீட்டிப் படுத்துச்சு. எந்திரிக்கவே இல்ல.

முயலம்மா பாறைக்கு வந்துச்சு. திட்டல, அழல. "அந்தப் பன்னியை நான் என்னிக்குமே நம்புனதில்லக்கா. உன் தொண்டையைத்தான் நம்புனேன்"னுச்சு. சொல்லிட்டுப் போயிடுச்சு.

 கீழ மானுங்க குட்டிகளோட குனியுறதைப் பாத்து, குருவி உயிரைக் குடுத்துக் கத்துச்சு. "குடிக்காதீங்க! விஷம்! குடிக்காதீங்க!"

ஒரு மான்கூடத் தலை தூக்கல. "ஆரம்பிச்சுடுச்சுய்யா, பன்னியோட பாட்டு"ன்னு ஒரு கிழ மான் காதை மடக்கிக்கிச்சு.

பன்னி சேத்துல படுத்தபடியே சொல்லுச்சு. "எதுக்கு விளம்பரம்னு அன்னிக்குக் கேட்டியே? இதுக்குத்தான்."

குருவி அதுக்கப்புறம் அந்த ஈர மண்ணுப் பக்கமே போகல. குரல்தான் செல்லாமப் போயிடுச்சே! பட்டினிக் குஞ்சு நாலையும் கூட்டிக்கிட்டுச் சுனையோரம் எறங்குச்சு. தண்ணிக்குக் குனியுற ஒவ்வொரு மூக்கையும், ரத்தம் வர்ற வரைக்கும் கொத்த ஆரம்பிச்சுச்சு.

போட்டிக்கு ஆளே இல்லாதவன் விளம்பரம் பண்றான்னா, அவன் சரக்கை விக்கல, நம்மளுக்காகக் கத்த வேண்டிய வாயை விலைக்கு வாங்குறான்.