டொராண்டோ எவ்வளவு தூரம்

காயல்பட்டினத்தில் தைக்கா எனப்படும் சூஃபி மடம் ஒன்றில் ஷெய்கு நூஹு என்று ஒருவர் இருந்தார். வாப்பா காலமானதும் அவர் இடத்தில் சின்ன வயதிலேயே உட்கார்ந்துவிட்டவர். சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். என்ன செய்வது, சீடர்களையே காக்கா என்றுதான் கூப்பிடுவார். அந்த ஊரில் அப்பாவை வாப்பா, அண்ணனைக் காக்கா என்பார்கள்.

ஒருநாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு சீடர் மொகுதூம் வந்தார். அறுபதைத் தாண்டியவர். முகம் செத்துப்போயிருந்தது.

“ஷெய்கு, டொராண்டோவில் என் தம்பி சதக்குக்கு ரொம்ப முடியலை. டாக்டர்கள் கைவிரிச்சிட்டாங்க.”

“கிளம்பலையா காக்கா?”

“ட்ராவல்ஸில் விசாரிச்சேன். சென்னையிலேருந்து பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு மேலேயாம். நடுவில் ஃப்ளைட் மாறணும். ஒரு நாள் முழுசா ஓடிடும்.”

“விசா?”

“இருக்கு. அவன் மக கல்யாணத்துக்கு எடுத்தது.” மொகுதூம் குரலைத் தாழ்த்தினார். “போகலை.”

“ஏன்?”

“வாப்பா மவுத்தானப்போ அவன் வரலை. இவ்வளவு தூரத்திலேருந்து எப்படி வர்றது, வந்து சேர்றதுக்குள்ளே அடக்கிடுவீங்களேன்னான். அப்படின்னா இனிமே வரவே வராதேன்னுட்டேன். அதோட பேச்சு நின்னுபோச்சு.”

ஷெய்கு டீயை அவர் பக்கம் நகர்த்தினார்.

“சரி, இப்போ என்ன யோசனை?”

“நான் போய்ச் சேர்றதுக்குள்ளே முடிஞ்சிட்டா?”

சொன்னதும் மொகுதூமுக்கே சுருக்கென்றது. ஷெய்கு எதுவும் கேட்காதவர் மாதிரி தன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“போன் போட்டு, கிளம்பிட்டேன்னு சொல்லுங்க.”

“இன்னும் பெட்டிகூட எடுக்கலையே! பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“நம்ம ஊரில் போனில் வந்துட்டே இருக்கேன்னு சொல்றவங்க எத்தனை பேர் குளிச்சிருக்காங்க? சும்மா சொல்லுங்க காக்கா.”

மொகுதூம் போன் போட்டார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. சதக்கின் மனைவி ஜொஹரா எடுத்தாள். போனைக் கணவன் காதில் வைத்தாள்.

“சதக்கு, காக்கா பேசுறேன். கிளம்பிட்டேன்டா.”

அந்தப் பக்கம் மூச்சு வாங்க ஒரு குரல் கேட்டது. பேசியது இவரிடம் அல்ல.

“ஜொஹரா, காக்கா வர்றாங்களாம். என்னைத் தூக்கி உட்கார வை. தாடியைக் கொஞ்சம் ஒதுக்கிவிடு. இந்தக் கோலத்திலேயா பார்ப்பாங்க?”

“வந்துடறேன்டா” என்று மட்டும் சொல்லி மொகுதூம் போனை வைத்தார். வைத்ததும் உடைந்துபோய், தேம்பித் தேம்பி அழுதார். அத்தனை வருஷத்துப் பாசமும் அப்படியே இருந்திருக்கிறது.

“நம்பிட்டானே ஷெய்கு! எழுந்து உட்கார்றானே! என்னைப் பொய் சொல்ல வச்சுட்டீங்களே!”

ஷெய்கு எழுந்து வாசலுக்குப் போனார். படியில் கிடந்த மொகுதூமின் செருப்பைக் குனிந்து எடுத்து, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

“நீங்க இங்கே உட்கார்ந்திருக்கிற வரைக்கும்தான் காக்கா அது பொய்.”