இலை மேல் கை

"மூணு வருஷமா உங்ககிட்ட அடங்காத மனசு, ஒரே இழுப்புல அடங்கிடுச்சு. அப்புறம் நீங்க எதுக்கு?"

குருவைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? தெய்வசிகாமணி கேட்டார். ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். ஊரையே அதட்டிப் பழகிய தொண்டை, மடத்துக்கு வந்தால் மட்டும் சுருதி இறங்கிவிடுமா?

குரு செங்கமலத்தம்மாள் அவரைவிட வயதில் சின்னவர். காவி கட்டுவதற்கு முன்னால் மருத்துவக் கல்லூரியில் மருந்துகளைப் பற்றிப் பாடம் எடுத்தவர். அன்றைக்கு அவர் முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது.

கோபத்துக்குக் காரணம் இருந்தது.

முந்தின நாள் தெய்வசிகாமணியின் மகள் பூங்கோதை வந்திருந்தாள். பஸ் மாறி மாறி இந்த மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தவள், வேப்பமரத்தடியில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். உட்கார்ந்த சூட்டோடு எழுந்து போய்விட்டாள். பஸ் வருகிற வரைக்கும் வாசலில் நின்று அவள் அழுததை மடமே பார்த்தது. பெற்றவர் மட்டும் பார்க்கவில்லை. மலைக்குப் பின்னால் எவனோ ஒரு பரதேசி கொடுத்த கஞ்சாவை, சிலும்பியில் திணித்து இழுத்துவிட்டு, கண் சொருகி ஆனந்தத்தில் இருந்தார்.

"மக என்ன சொல்லிட்டுப் போனா?" என்றுதான் அம்மாள் கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

தெய்வசிகாமணி யோசித்துப் பார்த்தார். 'அம்மாவுக்கு' என்று அவள் ஆரம்பித்தது ஞாபகம் இருந்தது. அதற்கு அப்பால் வெறும் புகை. மனைவி நாகம்மைக்கு என்ன? காய்ச்சலா? ஆஸ்பத்திரியா? அதைவிடப் பெரிசா? 'போய் மனசை ஆத்திக்கிட்டு வாங்க' என்று சொல்லி அனுப்பிய மகராசி அவள். ஒரு நாள் முகம் கோணினவள் இல்லை.  அந்தப் பயத்தை மறைக்கத்தான் அப்படிக் கேட்டுவைத்தார், நீங்க எதுக்கு என்று.

கேட்டதோடு விட்டாரா? துறவிக்கு மகள் ஏது, மனைவி ஏது என்றார். மனசை அடக்கு, அடக்கு என்று உயிரை வாங்கினது நீங்கள்தானே என்றார். சிவனுக்கே உகந்த மூலிகை என்றார். போதாக்குறைக்கு, மனுஷ மூளையே கஞ்சா மாதிரி ஒரு சரக்கைத் தானாகச் சுரக்கிறது, படித்திருக்கிறேன், உடம்பு செய்வதை நான் கொஞ்சம் கூட்டிச் செய்தால் என்ன குத்தம் என்று பொரிந்து தள்ளினார்.

அம்மாள் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"சுரக்குது. நெசம்தான். யாரு சுரக்கிறா? மூளையில சொல்ற நரம்பணுவா, கேக்குற நரம்பணுவா?"

அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை.

"நாளைக்குப் பௌர்ணமி. பந்தியில வந்து உட்காருங்க."

அவ்வளவுதான். அம்மாள் உள்ளே போய்விட்டார்.

பௌர்ணமி தோறும் அங்கே அன்னதானம். பந்திக்கு முந்து என்று சும்மாவா சொன்னார்கள்? தெய்வசிகாமணி முதல் ஆளாகப் போய்ச் சப்பணம் கொட்டி உட்கார்ந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. விடியும்போது இழுத்த இழுப்பில் பசி வேறு இரட்டிப்பாகக் கிளம்பியிருந்தது.

இலை விழுந்தது. தண்ணீர் தெளித்துத் துடைத்தார்.

சோற்று வாளி வந்தது. பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, அவருடைய இலையை மறைத்தது. அம்மாளின் கை. வாளி அடுத்த இலைக்குப் போய்விட்டது.

கூட்டு வந்தது. கை. சாம்பார் வந்தது. கை. அப்பளம் கொண்டுவந்த பெண்பிள்ளைகூட அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனாள்.

பக்கத்து இலையில் ஆவி பறந்தது. குருவின் கையைத் தட்டிவிடவும் முடியாது. ஒரு தடவை பல்லைக் கடித்தார், இன்னொரு தடவையும் கடித்தார். பாயசமும் தாண்டிப் போனபோது, பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்களே, அந்தப் பத்தும் பறந்தது.

சாம்பார் ஊற்றியவரைக் கூப்பிட்டு, கண் என்ன பொட்டையா, என் இலை காலியாகக் கிடப்பது தெரியவில்லையா என்று எகிறினார். அந்த ஆள் அசரவில்லை.

"இலை மேல கை இருந்தா போதும்னு அர்த்தம் சாமி. யாரு கைன்னு பார்த்துக்கிட்டா பரிமாற முடியும்?"

உடனே தெய்வசிகாமணி குருவின் பக்கம் திரும்பினார்.

"இது என் இலை. பசி என் பசி. போதும்னு சொல்ல வேண்டியவன் நான். நீங்க யாரு அதைச் சொல்றதுக்கு?"

மடத்தில் அம்மாளிடம் யாரும் அப்படிக் கத்தியதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கைகள் அப்படியே நின்றன.

அம்மாள் கையை எடுத்தார். அவர் குரலும் உயர்ந்தது.

"உங்க தலைக்குள்ளேயும் பந்திதான்யா நடக்குது. ஒரு நரம்பணு பரிமாறும், அடுத்தது வாங்கிக்கும். வாங்குற அணுதான், தனக்கு நிறைஞ்ச பிறகு, பரிமாறுற அணுவுக்கு ஒரு துளி சரக்கைத் திருப்பி அனுப்பும். போதும்னு சொல்ற சரக்கு அது. அந்த இலைக்கு மட்டும், அந்த நேரத்துக்கு மட்டும்."

"நான் இழுக்கிறதும் அதே மாதிரி சரக்குதானே?"

எதிர்வரிசையில் அடுத்த பந்திக்கு இலை போட்டு ஆட்கள் காத்திருந்தார்கள். அம்மாள் சுவரோரம் சுருட்டிக் கிடந்த நீளமான பந்திப்பாயை இழுத்து வந்தார். ஒரே உதறில் அந்த வரிசை இலைகள் மொத்தத்தையும் மூடினார்.

சோற்று வாளியோடு வந்தவர் நின்றார். அவருக்குப் பின்னால் கூட்டு நின்றது, சாம்பார் நின்றது. உட்கார்ந்திருந்தவர்கள் பேந்தப் பேந்த விழித்தார்கள். ஒரு கரண்டிச் சத்தம்கூட இல்லை.

"பாருங்க," என்றார் அம்மாள். "என்னமா அடங்கிடுச்சு."

தெய்வசிகாமணி பாயைப் பார்த்தார். பிறகு எழுந்தார். யாரோ அவர் இலையில் சோறு வைக்க வந்தார்கள். அவர் நிற்கவில்லை. விடுவிடுவென்று மடத்து ஆபீஸுக்குப் போய் போனை எடுத்து, மகளின் நம்பரைப் போட்டார். அவசரத்தில் தப்பாகப் போட்டு, மறுபடியும் போட்டார்.

"அப்பாவா? சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள் பூங்கோதை. அழுத குரல் இன்னும் தெளிந்திருக்கவில்லை.

"இல்லைம்மா. பூங்கோதை, முந்தாநேத்து நீ சொன்னது ஒண்ணும் என் மனசுல நிக்கலை. அம்மாவுக்கு என்ன? சொன்னதைத் திரும்பச் சொல்லும்மா."

அவளுக்கும் கோபம் வந்தது.

"நான் எங்கேப்பா சொன்னேன்? அம்மாவுக்குன்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள போதும்னு கையைக் காட்டிட்டீங்களே."