குழிக்கு ஓர் ஆள்

கொக்கு தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கச் சொன்னால், 'உப்புப் போட்ட வெண்ணெயா, போடாததா?' என்று நின்று நிதானமாகக் கேட்கிற ஊர் கொக்கடிக்குப்பம். கடலோரத்து ஊர், நல்ல ஜனங்கள். வஞ்சகம் தெரியாது, சூது தெரியாது, மற்றதும் அவ்வளவாகத் தெரியாது.

அந்த ஊரில் அம்மாக்கண்ணு என்று ஒரு மீன்காரி. விடியலில் மீன் வாங்கிக் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு நடப்பாள். வெயில் ஏறுவதற்குள் பாதிக் கூடை நாறிப்போகும். பதினெட்டு வருஷமாக அதைப் பூனைகளுக்குக் கொட்டிக் கொட்டி வயிறெரிந்தவள். பூனைகள் கொழுத்தன, அவள் இளைத்தாள்.

இப்படி இருக்கையில் சர்க்காரிலிருந்து குலசேகரன் என்று ஓர் ஆபீசர் வந்தார். புயலைத் தடுக்கக் கழிமுகச் சேற்றில், உப்புத் தண்ணீரிலேயே வளரும் அலையாத்திக் கன்றுகள் நடப்போவதாகவும், நன்றாகப் பார்த்துக்கொள்கிற ஊருக்குச் சூரிய ஒளியிலேயே ஓடும் ஐஸ் அறை ஒன்று கட்டித் தருவதாகவும் சொன்னார். ஐஸ் அறை என்றதும் அம்மாக்கண்ணுவுக்கு மூச்சே நின்று வந்தது. கன்றுகளைப் பார்த்துக்கொள்ளும் பசுமைக் குழுவுக்கு யார் தலைவி என்று ஆபீசர் கேட்ட நேரத்தில் அவள் மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்தது. ஓட்டக் கை தூக்கினாள், தலைவியாகிவிட்டாள்.

நூறு குழி, நூறு கன்று. நட்டு முடித்ததும் ஆபீசர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"இதுங்களை உங்க பிள்ளைங்களா நினைச்சுக்கணும். நான் எண்ண வர்றப்போ ஒரு குழிகூடக் காலியா இருக்கக் கூடாது. வேர் பிடிச்சதை யாரும் பிடுங்கக் கூடாது. பிடுங்கினா ஐஸ் அறையை மறந்துடுங்க."

அம்மாக்கண்ணு அதை வரி விடாமல் மனப்பாடம் செய்துகொண்டாள். அங்கேதான் பிடித்தது சனி.

ஐந்தாம் நாள் காலை ரேடியோவில் புயல் எச்சரிக்கை வந்தது. பிள்ளைகளை உடனே புயல் காப்பகத்தில் சேர்க்கச் சொன்னார்கள். ஊர் கூடியது.

"சேக்கணும்னா சேத்துருவோம். ஆனா நமக்கு இப்ப நூறு பிள்ளை கூடிப்போச்சே" என்றான் வெள்ளையப்பன். ஊரில் அவன்தான் புத்திசாலி. மற்றவர்கள் அப்படிச் சொல்வார்கள், அவனும் மறுத்ததில்லை.

பெற்ற பிள்ளைக்கு ஒரு நியாயம், நட்ட பிள்ளைக்கு ஒரு நியாயமா என்று அம்மாக்கண்ணு கேட்டாள். ஆனால் ஆபீசர் பிடுங்கக் கூடாது என்றாரே? வெள்ளையப்பன் யோசித்து வழி சொன்னான். வேர் பிடித்ததைத்தானே பிடுங்கக் கூடாது? இழுத்துப் பார்ப்போம். வந்துவிட்டால் வேர் பிடிக்கவில்லை என்று அர்த்தம். வராவிட்டால் விட்டுவிடுவோம்.

இழுத்தார்கள். நூறும் வந்தது. ஊருக்கே நிம்மதி.

மண்கட்டியோடு குண்டானிலும் வாளியிலும் வைத்துக் காப்பகத்துக்குத் தூக்கிப் போய், பாய் விரித்து வரிசையாகப் படுக்க வைத்தார்கள். காவலுக்குப் பிள்ளைகளையும் வயசானவர்களையும் உட்கார வைத்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் நூறு குழியும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது.

"ஒரு குழிகூடக் காலியா இருக்கக் கூடாதுன்னாரே" என்று அம்மாக்கண்ணு தலையில் கை வைத்தாள். "புயலை வேற யாரு தடுப்பா?"

அவள் புருஷன் காத்தமுத்து அப்போதுதான் வாயைத் திறந்தான். மாசத்துக்கு ஒரு தடவை பேசுகிற ஆள்.

"அந்தக் கன்னு என்ன பண்ணுது? சும்மா நிக்குது. நமக்கு சும்மா நிக்கத் தெரியாதா?"

சும்மா நிற்பதில் அவனுக்கிருந்த அனுபவம் ஊரறிந்தது.

குழிக்கு ஓர் ஆளாக இறங்கினார்கள். எண்ணிப் பார்த்தால் தொண்ணூற்றொன்பது பேர். பெருத்த உடம்புக்காரன் சோலைமலை, மூன்றடி இடைவெளியில் இருந்த இரண்டு குழியிலும் ஒவ்வொரு காலை வைத்துக் கணக்கை நேர்செய்தான். காற்று வீசியது. மழை சாத்தியது. நண்டு கடித்து ஒருத்தி காலைச் சொறியக் குனிந்தாள். கன்று எங்காவது சொறியுமா என்று அம்மாக்கண்ணு அதட்டினாள். வெள்ளையப்பன் தலையில் ஒரு கொக்கு வந்து உட்கார்ந்தது. வெண்ணெய் வைக்க யாரிடமும் கை ஒழியவில்லை.

மத்தியானத்துக்கு மேல் புயல் எங்கோ வடக்கே திரும்பிப் போய்விட்டது. நம்மைப் பார்த்துப் பயந்துதான் போனது என்று எல்லாருக்கும் பெருமை தாங்கவில்லை.

பதறியடித்து ஜீப்பில் வந்த குலசேகரன், சேற்றில் ஊரே வரிசையாக நிற்பதைப் பார்த்தார். கன்றுகள் எங்கே என்றார். அம்மாக்கண்ணு காப்பகத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டினாள். நூறும் போர்வைக்குள் சௌக்கியமாகப் படுத்திருந்தன. இரண்டுக்குத் தலைக்குத் தைலம்கூடத் தடவியிருந்தது.

அவர் போர்வைகளை விலக்கி ஒவ்வொரு வேராகப் பார்த்தார். பிறகு, இருட்டுவதற்குள் நூறையும் அந்தந்தக் குழியிலேயே நட்டுவிட்டால் ஐஸ் அறை நிச்சயம் என்று மட்டும் சொன்னார். அம்மாக்கண்ணுவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒவ்வொருவராகக் குழியைவிட்டு ஏற, ஒவ்வொன்றாக நட்டார்கள். தொண்ணூற்றொன்பது முடிந்தது. கடைசிக் குழியில் காத்தமுத்து. நின்றபடியே தூங்கித் தொடைவரை புதைந்திருந்தான். பத்துப் பேர் சேர்ந்து இழுத்தார்கள். வரவில்லை.

இழுத்தால் வராததற்கு என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் இப்போது எல்லாருக்கும் தெரியும்.

"வேர் பிடிச்சிருச்சு" என்றான் வெள்ளையப்பன்.

"தோண்டி எடுங்கய்யா, கடல் ஏறப்போவுது" என்றார் ஆபீசர்.

"பிடுங்கினா ஐஸ் அறை இல்லைன்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க?" அம்மாக்கண்ணு குழிக்கு முன்னால் குறுக்கே நின்றாள். பதினெட்டு வருஷத்து நாறிய மீனும் அவளுக்குப் பின்னால் நின்றது. "தண்ணி ஏறட்டும். அலையாத்திக்கு அதுதானே நல்லது."

காத்தமுத்துவும் ஆமாம் என்று தலையாட்டினான். இந்த மாசத்துப் பேச்சுத்தான் முடிந்துவிட்டதே. ஆபீசர் நோட்டில் 'நூறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தோண்ட ஆள் கூட்டி வர ஜீப்பில் விரைந்தார்.

மிச்சமிருந்த ஒரு கன்றை அம்மாக்கண்ணு வீட்டுக்குத் தூக்கி வந்து, புருஷன் பாயில் படுக்க வைத்தாள்.

ஆபீசர் ஆளோடு திரும்புவதற்குள் கடல் இடுப்பளவு ஏறி, சேறு இளகி, காத்தமுத்துவை அலுங்காமல் தூக்கி மேலே விட்டுவிட்டது. அவன் சொட்டச் சொட்ட வீட்டு வாசலில் வந்து நின்றான். அம்மாக்கண்ணு பதறிப்போனாள்.

"என்னங்க இது, குழியைக் காலியா விட்டுட்டா வந்தீங்க? அவரு எண்ண வந்துருவாரே. இங்க உங்க பாயில பிள்ளை தூங்குது, பாருங்க."

அவன் எட்டிப் பார்த்தான். நியாயமாகத்தான் பட்டது. திரும்பி நடந்தான்.

"நில்லுங்க" என்றாள் அம்மாக்கண்ணு. என்ன இருந்தாலும் கட்டின புருஷன், வாடிப்போகக் கூடாது பாருங்கள். ஒரு குடம் தண்ணீரை அவன் தலையில் ஊற்றி அனுப்பினாள். அலையாத்தி ஆயிற்றே என்று, ஊற்றும் முன் மறக்காமல் அதில் ரெண்டு பிடி உப்பையும் கரைத்தாள்.