திருகு இல்லாத பேட்டரி

பாலிடெக்னிக் லேபில் துறைத்தலைவர் வேதநாயகம் தம் மீட்டரை வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு வோல்ட் தர வேண்டிய பவர் சப்ளை ஒவ்வொன்றும் பதினாறு காட்டியது.

"நீ சரிபார்த்த லட்சணம் இதுதானா?" என்று மாணவர்கள் முன்னிலையில் லேப் உதவியாளர் செல்லக்கனி மேல் எரிந்து விழுந்தார். "பின்னாடி இருக்கிற திருகைத் திருப்பி எல்லாத்தையும் குறை!"

அவள் சுவர்க் கடிகாரத்துக்கு வாங்கிய புது பேட்டரியைப் பிரித்து நீட்டினாள். ஒன்றரை வோல்ட் பேட்டரி. அவர் மீட்டரை வைத்ததும் இரண்டு காட்டியது.

"இதையும் குறைச்சிடுறேன் சார். எந்தத் திருகுன்னு மட்டும் காட்டுங்க."

மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மீட்டருக்குள் இருந்த பேட்டரி தீர்ந்துபோனதால் அது எல்லாவற்றையும் கூட்டிக் காட்டியிருக்கிறது. வேதநாயகத்தின் காதுமடல் சிவந்தது.

"அப்போ... நேத்து பக்கத்து லேப்ல நானே குறைச்சு வச்சதெல்லாம்?"

செல்லக்கனி திருப்புளியை அவர் கையில் கொடுத்தாள்.